நோக்கியா என்800 வாங்கலாமா? பழைய லினக்ஸ் டேப்லெட்டுக்கு ஒரு வழிகாட்டி

ஐபேட் கடைக்கு வருவதற்கு நாலரை ஆண்டு முன்பே, 2005 நவம்பரில், நோக்கியா ஒரு கையடக்க டேப்லெட்டை விற்கத் தொடங்கியது. பெயர் 770. சிம் கிடையாது, போன் பேச முடியாது. வைஃபை உண்டு, புளூடூத் உண்டு, 800-க்கு 480 புள்ளிகள் கொண்ட 4.1 அங்குலத் திரை உண்டு. உள்ளே ஓடியது டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்துக் கட்டிய மேமோ என்ற இயங்குதளம். 2007 ஜனவரியில் என்800 வந்தது. அதே ஆண்டு இறுதியில் விசைப்பலகையும் ஜிபிஎஸ்ஸும் சேர்த்து என்810. 2009 நவம்பரில் போனாகவும் வேலை செய்யும் என்900. பிறகு 2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீபன் எலாப் நிறுவனத்தை விண்டோஸ் போன் பக்கம் திருப்ப, கதை முடிந்தது.

கதை முடிந்தாலும் கருவிகள் முடியவில்லை. பழைய பொருள் விற்கும் தளங்களில் இவை இன்றும் வருகின்றன. "முழு லினக்ஸ், கையில் அடங்கும், ரூட் உரிமை (கருவியில் எதையும் மாற்றும் முழு அதிகாரம்) உங்களுக்கே" என்று யாராவது சொல்லக் கேட்டு ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கிய வாரமே அலமாரியில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் கூட்டத்தில் சேராமல் இருப்பதற்கு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவியின் கவர்ச்சியும் தொல்லையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. மென்பொருளில் திறந்து கிடக்கும் பகுதியை யாரும் சரிசெய்யலாம், இன்றுவரை சரிசெய்கிறார்கள். மூடிக் கிடக்கும் பகுதி நோக்கியா விட்டுப் போன நாளிலேயே நிற்கிறது. எது திறந்தது, எது மூடியது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் பாதியாகக் குறையும்.

படி 1: எந்த வேலைக்கு என்று முடிவு செய்யுங்கள்

முதலில் முடியாதவை. வாட்ஸ்அப், யூபிஐ, யூடியூப் எதுவும் ஓடாது. வங்கித் தளம் திறக்காது. ஏதோ ஒரு குறுக்குவழியில் திறந்தாலும் அங்கே கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள். இணையத்துக்கென்றே செய்த டேப்லெட்டில் இணையம்தான் முதலில் செத்தது என்பது வேடிக்கைதான். காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பின்னால் ஒரு வழியும் சொல்லப் போகிறேன்.

என்800, என்810 இரண்டுக்கும் கடைசியாக வந்த இயங்குதளம் ஓஎஸ்2008. அதிலுள்ள மைக்ரோபி உலாவி மொசில்லா எஞ்சினில் ஓடியது. அந்தக் காலத்துப் போன் உலாவிகளை எல்லாம் ஓரங்கட்டிய உலாவி. ஆனால் பூட்டுப்போட்ட இணைப்பில் அதற்குத் தெரிந்தது அந்தப் பூட்டு முறையான டிஎல்எஸ்ஸின் 1.0 பதிப்பு வரைதான். 2020-ல் பெரிய உலாவிகள் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் கைவிட்டன; சர்வர்களும் வரிசையாக அவற்றை அணைத்துவிட்டன. போதாக்குறைக்கு, ஏராளமான தளங்களுக்கு இலவசமாக அடையாளச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த பழைய ரூட் (மூல) சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. கருவிக்குள் இருக்கும் சான்றிதழ்ப் பட்டியலைப் புதுப்பிக்க நோக்கியா இல்லை. ஆக, இணைப்பு எடுக்கும், வைஃபை குறி முழுதாக நிற்கும், பக்கம் மட்டும் வராது.

முடிகிறவை: மின்னூல் படிப்பது, பாட்டுக் கேட்பது, என்800-ல் எஃப்எம் ரேடியோ, வீட்டிலுள்ள சர்வருக்கோ ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினிக்கோ கட்டளை தட்டும் ஒரு சின்ன டெர்மினல், சுவரில் மாட்டி வெப்பநிலையோ கடிகாரமோ காட்டும் பலகை, லினக்ஸ் கட்டளைகளைப் பயமில்லாமல் பழகும் களம். கடைசி வேலைக்கு இதைவிட நல்ல கருவி கிடைப்பது கடினம். கெடுத்தால் அரைமணி நேரத்தில் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். வேலைக் கணினியில் இந்தத் துணிச்சல் வராது.

இவற்றில் ஒரே ஒரு வேலையையாவது "இதற்குத்தான்" என்று சொல்ல முடியாவிட்டால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

படி 2: எந்த மாடல்

770-ஐ விட்டுவிடுங்கள். 64 எம்பி ரேம், 128 எம்பி சேமிப்பு, இன்று தேடிப் பிடிக்க வேண்டிய ஆர்எஸ்-எம்எம்சி கார்டு. திரை முழுக்க வெள்ளையாகிப் போகும் வன்பொருள் கோளாறும் அதற்குப் பேர்போனது. சரித்திரச் சேகரிப்புக்கு மட்டும் வாங்கலாம். முன்புறம் திரையை மூடும் உலோக மூடியைப் பின்னால் திருப்பி மாட்டும் அழகுக்காகவே சிலர் வைத்திருக்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

என்800 என்னுடைய தேர்வு. 128 எம்பி ரேம், 256 எம்பி உள் சேமிப்பு, 206 கிராம் எடை. இதன் பெரிய பலம் இரண்டு முழு அளவு எஸ்டி கார்டுச் செருகிடங்கள்: ஒன்று பின்மூடிக்குள், ஒன்று அடிப்பக்கத்துச் சின்னக் கதவுக்குள். எந்தக் கடையிலும் கிடைக்கும் கார்டைப் போடலாம். மேசையில் நிற்க வைக்கப் பின்னால் ஒரு கால், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், இடப்பக்கம் தட்டினால் வெளியே எட்டிப் பார்க்கும் சுழல் கேமரா. ரேடியோவுக்கு ஹெட்போன் வயர்தான் ஏரியல்; வயர் இல்லாமல் ரேடியோ எடுக்காது.

என்810-ல் கீழிருந்து சறுக்கி வரும் விசைப்பலகை உண்டு. டெர்மினல் வேலைக்கு வாங்குகிறீர்கள் என்றால் இதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் ரேடியோ போய்விட்டது, இரண்டு எஸ்டி கார்டு போய் ஒரு மினிஎஸ்டி ஆகிவிட்டது. உள்ளேயே 2 ஜிபி கொடுத்திருந்தார்கள் என்பதுதான் ஆறுதல். ஜிபிஎஸ் உண்டு என்று விளம்பரத்தில் பார்த்து மயங்காதீர்கள். திறந்த வெளியில் நின்றாலும் செயற்கைக்கோளைப் பிடிக்கப் பல நிமிடம் எடுத்துக்கொள்ளும், அன்றே அதைப் பற்றி எல்லோரும் புலம்பினார்கள்.

என்900 தனி ரகம். 256 எம்பி ரேம், 32 ஜிபி சேமிப்பு, 600 மெகாஹெர்ட்ஸ் செயலி, 5 மெகாபிக்சல் கேமரா, எஃப்எம் டிரான்ஸ்மிட்டர், இன்ஃப்ராரெட். நால்வரில் இன்றும் சுறுசுறுப்பாக மென்பொருள் எழுதப்படுவது இதற்குத்தான். திரை மட்டும் 3.5 அங்குலமாகச் சுருங்கிவிட்டது. படிப்பதற்கு என்800, குடைவதற்கு என்900 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கையில் வாங்கிப் பார்க்கும்போது

விற்பவர் "ஆன் ஆகிறது" என்று சொன்னால் போதாது. பின்மூடியைக் கழற்றி பேட்டரியை வெளியே எடுத்து, மேசையில் படுக்க வைத்துச் சுழற்றிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் உட்காரும். வயிறு உப்பியிருந்தால் பம்பரமாகச் சுற்றும். சுற்றினால் அந்தப் பேட்டரி குப்பைக்கு, விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தொடுதிரை. இது அழுத்தத்தில் வேலை செய்யும் ரெசிஸ்டிவ் திரை. விரல் நுனியைவிட நகம் நன்றாக வேலை செய்யும், ஸ்டைலஸ் அதைவிட நன்றாக. வரையும் செயலியைத் திறந்து ஸ்டைலஸால் நான்கு மூலைக்கும் ஒரே இழுப்பில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். கோடு நடுவில் அறுந்தாலோ, ஓரத்தில் அலைந்தாலோ திரையின் மேற்படலம் தேய்ந்திருக்கிறது. கோடு நேராக வந்து ஆனால் ஸ்டைலஸ் முனையிலிருந்து தள்ளி விழுந்தால் பயமில்லை, அமைப்புகளில் திரையை அளவீடு செய்தால் சரியாகிவிடும்.

என்800-ல் கேமராவைத் தட்டி வெளியே கொண்டுவாருங்கள். அதற்கான செயலி தானாகத் திறக்க வேண்டும். ஹெட்போனைச் செருகி இரு காதிலும் ஒலி வருகிறதா என்று கேளுங்கள். இரண்டு செருகிடத்திலும் கார்டைப் போட்டுக் கோப்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

என்900 என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் மைக்ரோயூஎஸ்பி வாயைப் பாருங்கள். அந்தப் போனின் பலவீனமே அதுதான். பலகையில் மேலோட்டமாகப் பற்றவைத்த அந்த வாய், வயரை மேலும் கீழும் ஆட்டினால் மெல்லப் பெயர்ந்துவிடும். வயரைச் செருகி லேசாகத் தொட்டுப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். ஆடாத ஒன்று கிடைத்தால், அந்த வாயை நம்பாமல் பேட்டரியை வெளியே எடுத்துத் தனிச் சார்ஜரில் ஏற்றும் பழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள்.

படி 4: பேட்டரியும் சார்ஜரும்

இந்த வரிசையின் பெரிய நிம்மதி இதுதான்: பேட்டரியைக் கழற்றலாம், அதுவும் அந்தக் காலத்து நோக்கியா போன்களில் ஓடிய அதே பேட்டரி. 770-க்கும் என்800-க்கும் பிபி-5எல்; இ61 போனிலும் அதுதான். என்810-க்கு பிபி-4எல், இ63, இ71, இ72 வைத்திருந்தவர்களுக்கு அது பழகிய பேட்டரி. என்900-க்கு பிஎல்-5ஜே, 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக், 5230, லூமியா 520 எல்லாம் அதில்தான் ஓடின. பழைய போன் உதிரிபாகம் விற்கும் கடையில் "டேப்லெட் பேட்டரி" என்று கேட்டால் இல்லை என்பார்கள். பேட்டரியின் எண்ணைச் சொல்லியோ, இந்தப் போன்களின் பெயரைச் சொல்லியோ கேளுங்கள். கிடைப்பது பெரும்பாலும் மாற்று நிறுவனத் தயாரிப்பு. மேலே எழுதியிருக்கும் மில்லியாம்பியரை அப்படியே நம்ப வேண்டாம்.

என்800, என்810 இரண்டும் யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறாது. நோக்கியாவின் 2 மில்லிமீட்டர் மெல்லிய பின் சார்ஜர் வேண்டும். இது தெரியாமல் "சார்ஜ் ஏறவில்லை, பழுது" என்று மலிவாக விற்கிறவர்களும் உண்டு. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

புது பேட்டரியோடும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வைஃபையும் திரையும் ஓடும்போது என்810 நாலு மணி நேரம் வரும் என்றுதான் நோக்கியாவே சொன்னது.

படி 5: முதல் இணைப்பு

பேட்டரி தீர்ந்து கிடந்த கருவியில் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போயிருக்கும். தேதியைச் சரிசெய்யாமல் எதையும் தொடாதீர்கள். தேதி தப்பாக இருந்தால் எல்லாச் சான்றிதழும் தப்பாகத் தெரியும், இல்லாத கோளாறைத் தேடி ஒரு மாலை வீணாகும். என்900-ல் கடிகாரத்தைக் காக்கும் குட்டி பேட்டரியும் செத்திருக்கும் என்பதால், பேட்டரியைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் இந்த வேலை உண்டு.

வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். வீட்டு ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடினாலோ, பாதுகாப்பை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தாலோ இந்த டேப்லெட்டின் பட்டியலில் உங்கள் வீடு தெரியாது, அல்லது தெரிந்தும் இணையாது. முதன்மை நெட்வொர்க்கை இதற்காகத் தளர்த்தாதீர்கள். ரூட்டரில் விருந்தினர் நெட்வொர்க் ஒன்றை 2.4 கிகாஹெர்ட்ஸில், டபிள்யூபிஏ2-வில் திறந்து அதில் விடுங்கள். பல ஆண்டாகப் பாதுகாப்புத் திருத்தம் பார்க்காத கருவி உங்கள் மற்ற கணினிகளோடு ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

படி 6: சுத்தமாகத் திரும்ப ஏற்றுங்கள்

யாரோ வைத்திருந்த கருவி. அதில் என்ன இருக்கிறது என்று துருவுவதைவிட இயங்குதளத்தைப் புதிதாக ஃபிளாஷ் செய்வது (முழுதாக அழித்துத் திரும்ப எழுதுவது) எளிது. என்800, என்810-க்கு ஓஎஸ்2008-இன் கடைசிப் பதிப்பான டியாப்ளோ, எண் 5.2008.43-7. என்900-க்கு 2010 அக்டோபரில் வந்த பிஆர்1.3-ம் அதன் சிறு திருத்தமான 1.3.1-ம். நோக்கியாவின் பதிவிறக்கத் தளம் மூடிவிட்டது. மேமோ சமூகத்தார் பிரதி எடுத்து வைத்திருக்கும் கோப்புகள்தான் வழி. பதிவிறக்கியதும், தளத்தில் கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ஃபிளாஷர் 3.5 என்ற கட்டளைவரி நிரலை லினக்ஸ் கணினியில் ஓடவிடுவதுதான் தலைவலி குறைந்த வழி. பேட்டரி முழுதாக ஏறியிருக்க வேண்டும், ஏனென்றால் இந்த வேலை நடக்கும்போது சார்ஜ் ஏறாது. கருவியை அணைத்து, யூஎஸ்பி வயரைக் கணினியில் செருகி, ஃபிளாஷரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். என்800, என்810-ல் முகப்பு விசையை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்ய வேண்டும். என்900-ல் விசைப்பலகையின் யு விசையைப் பிடித்தபடி வயரைச் செருக வேண்டும். திரையின் மூலையில் யூஎஸ்பி குறி வந்தால் கணினி கருவியைப் பிடித்துவிட்டது. ஓரிரு நிமிடத்தில் வேலை முடியும். நடுவில் வயரை மட்டும் தொடாதீர்கள்; அப்படியே தடங்கினாலும் கருவி செத்துவிடாது, திரும்ப முதலிலிருந்து செய்யலாம். இந்த வசதிதான் எனக்கு இந்தக் கருவிகளில் மிகவும் பிடித்தது. தயாரித்தவரே கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

படி 7: மென்பொருள் ஏற்றுவதும் ரூட் ஆவதும்

செயலி மேலாளரைத் திறந்தால் பிழை வரும். அதிலுள்ள மென்பொருள் முகவரிகள் நோக்கியாவின் பழைய சர்வர்களைக் காட்டுகின்றன, அவை இல்லை. செத்த முகவரி ஒன்று பட்டியலில் இருந்தாலும் புதுப்பிப்பு தடுமாறும். எனவே பழையவற்றை முடக்கிவிட்டு மேமோ சமூகம் தரும் எக்ஸ்ட்ராஸ் முகவரியைச் சேருங்கள். எக்ஸ்ட்ராஸ்-டெவெல் என்று இன்னொன்று இருக்கும். அது அரைகுறையாக வெந்ததெல்லாம் கொட்டிக் கிடக்கும் இடம். தேவையான ஒன்றை எடுத்ததும் மூடிவிடுங்கள். குறிப்பாக என்900-ல் இயங்குதளம் இருக்கும் பகுதி 256 எம்பிதான். 32 ஜிபி காலியாக இருந்தாலும் அந்தச் சின்ன அறை நிரம்பினால் கருவி எழ மறுக்கும்.

ரூட் ஆவதற்குப் பூட்டு உடைக்க வேண்டியதில்லை. ரூட்எஸ்எச் என்ற பேக்கேஜை ஏற்றி, டெர்மினலில் சூடோ கெயின்ரூட் என்று அடித்தால் போதும். அதன்பின் மென்பொருள் ஏற்றும் ஏபிடி-கெட், டிபிகேஜி எல்லாம் டெபியனிலும் உபுண்டுவிலும் பழகிய அதே கட்டளைகள். வேறு கணினியிலிருந்து டெர்மினல் வழியே உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரை ஏற்றினால் முதல் வேலையாக ரூட் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஆரம்பக் கடவுச்சொல் ஊரறிந்தது.

எஸ்எஸ்எச் பற்றி ஒரு எச்சரிக்கை. என்800-லிருந்து வீட்டு சர்வருக்குள் நுழையப் பார்த்தால் இணைப்பு உடனே அறுந்துவிடும். காரணம், எஸ்எஸ்எச் நிரலான ஓப்பன்எஸ்எஸ்எச்சின், 2021-ல் வந்த 8.8 பதிப்பு முதல், அடையாளத்தைச் சரிபார்க்கும் பழைய ஷா-1 கையொப்பத்தை சர்வர்கள் இயல்பாக ஏற்பதில்லை. டேப்லெட்டில் உள்ள பழைய நிரலுக்கோ புதியவை தெரியாது. வீட்டு நெட்வொர்க்குக்குள் இருக்கும் ஒரு ராஸ்பெரி பையில் மட்டும் பழைய முறையை அனுமதித்து, அங்கிருந்து மற்ற இடங்களுக்குப் போகலாம். இணையத்தில் நிற்கும் சர்வரில் அதைத் திறந்துவிடாதீர்கள்.

உலாவிக்கும் அதே ராஸ்பெரி பைதான் மருந்து. வெப்ஒன் என்ற இடைநிலை நிரல், பூட்டுப்போட்ட பக்கத்தைத் தானே வாங்கிப் பூட்டைக் கழற்றிப் பழைய உலாவிக்குப் புரியும்படி கொடுக்கும். டபிள்யூஆர்பி என்று இன்னொன்று உண்டு; அது பக்கத்தை முழுசாகப் படமாக்கி அனுப்பும், நீங்கள் தொடும் இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். செய்தி படிக்க, விக்கிப்பீடியா பார்க்க இவை போதும். நடுவில் நிற்கும் கணினிக்கு நீங்கள் தட்டுவதெல்லாம் தெரியும் என்பதால் அந்தக் கணினி உங்களுடையதாக இருக்கட்டும்.

படி 8: நினைவகமும் தமிழும்

என்800-க்கு 32 ஜிபிக்கு மேற்படாத எஸ்டிஹெச்சி கார்டு ஒன்றைப் பின்மூடிக்குள் நிரந்தரமாக வையுங்கள். கட்டுப்பாட்டுப் பலகத்தில் நினைவகம் என்ற பகுதியில் அந்தக் கார்டின் ஒரு துண்டை மெய்நிகர் நினைவகமாக ஒதுக்கலாம். 128 எம்பி ரேம் கருவியில் இதன் பலன் உடனே தெரியும். கொஞ்சம் பழகியபின் இயங்குதளத்தையே கார்டுக்குப் பிரதி எடுத்து அங்கிருந்து எழுப்பலாம். உள் சேமிப்பு சுருக்கி எழுதும் வகை, அதனால் மெதுவானது. கார்டிலிருந்து எழுந்தால் இடமும் வேகமும் சேர்ந்து கிடைக்கும்.

தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், உங்கள் முகப்புக் கோப்புறையில் ஃபாண்ட்ஸ் என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளி வைத்து, மறைந்த கோப்புறை ஒன்றை உருவாக்கி யூனிகோட் தமிழ் எழுத்துரு ஒன்றைப் போடுங்கள். எழுத்து வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். "கெண்டை" என்ற சொல்லைத் திறந்து பாருங்கள். கொம்பு ககரத்துக்கு இடப்பக்கம் நின்றால் தப்பித்தீர்கள். வலப்பக்கம் போய் நின்றால் அந்தச் செயலிக்குத் தமிழ் எழுத்துகளை அடுக்கத் தெரியவில்லை. செயலிக்குச் செயலி இது மாறும். எழுத்துரு பதிந்த பிடிஎஃப்பில் இந்தச் சிக்கல் வராது. 4.1 அங்குலத் திரைக்கு ஏற்றபடி சின்னப் பக்கமாகக் கணினியிலேயே பிடிஎஃப் தயாரித்து அனுப்பினால் அந்த 800 புள்ளித் திரையில் எழுத்து கூர்மையாக இருக்கும். 2007-ல் வந்த முதல் ஐபோனின் திரையே 480-க்கு 320தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எந்தப் படியாலும் தீராத குறைகள்

விரல் இரண்டை வைத்துப் படத்தைப் பெரிதாக்கும் பழக்கம் இங்கே எடுபடாது. திரைக்கு ஒரு புள்ளிதான் தெரியும். முழுத்திரைக்கும் பெரிதாக்கலுக்கும் மேல்விளிம்பில் தனி விசைகள் உண்டு, இரண்டு நாளில் கை பழகிவிடும்.

பெரிய குறை வேறு. ஒவ்வொரு தலைமுறை வாங்கியவரையும் நோக்கியா அடுத்த தலைமுறை வந்ததும் கைவிட்டது. 770 வாங்கியவருக்கு அடுத்த இயங்குதளம் "ஹேக்கர் பதிப்பு" என்ற பெயரில், பொறுப்பேற்காமல்தான் வந்தது. 399 டாலர் கொடுத்து என்800, 479 டாலர் கொடுத்து என்810 வாங்கியவர்களுக்கு, என்900-ல் ஓடிய மேமோ 5 வரவே இல்லை. மூலநிரல் முழுதும் திறந்திருந்தால் சமூகமே கொண்டுவந்திருக்கும். ஆனால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதைக் கவனிக்கும் நிரல் மூடியது, ஒலி-ஒளிச் செயலியின் கோடெக்குகள் (பாட்டையும் படத்தையும் விரித்துக் காட்டும் நிரல்கள்) மூடியவை, வைஃபை வன்பொருளை ஓட்டும் நிரலான இயக்கியின் ஒரு துண்டு நெடுநாள் மூடியே இருந்தது. 2008-ல் நோக்கியாவின் ஆரி யாக்சி, ஓப்பன்சோர்ஸ் நிரலாளர்கள் டிஆர்எம் (பாட்டு, படங்களைப் பிரதி எடுக்கவிடாத பூட்டு), சிம் பூட்டு போன்ற தொழில்துறை நடைமுறைகளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு மாநாட்டில் பேசி நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். அந்த இழுபறியின் சுவடு இன்றும் இந்தக் கருவிகளுக்குள் இருக்கிறது.

என்900 நெடுநாள் உயிரோடிருப்பதும் இதே காரணத்தால்தான். அதன் வைஃபைக்குத் திறந்த இயக்கி இருந்தது. சார்ஜ் ஏற்றும் பகுதிக்கு ஆர்வலர்களே திறந்த மாற்று எழுதி லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேர்த்தார்கள். மூடிய மிச்சத்தில் பெரியது பவர்விஆர் கிராஃபிக்ஸ். மற்றவை இப்படித் திறந்திருப்பதால்தான் டெவுவான் லினக்ஸ் அடிப்படையிலான மேமோ லெஸ்டே என்ற புது இயங்குதளத்தை, உள்ளே இருப்பதைத் தொடாமல், மைக்ரோஎஸ்டி கார்டிலிருந்து என்900-ல் எழுப்ப முடிகிறது. 256 எம்பி ரேமில் அது நத்தை வேகம்தான். ஆனாலும் ஓடுகிறது.

இதே ஆசை, புதுக் கருவி

பழைய பேட்டரி, பழைய உலாவி எல்லாம் வேண்டாம், திறந்த கையடக்க லினக்ஸ் மட்டும் வேண்டும் என்பவர்கள் பைன்64 நிறுவனத்தின் பைன்போனைப் பார்க்கலாம். 2020-ல் வந்தது, 6 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த திரை. பின்மூடியைக் கழற்றினால் மோடம், வைஃபை, மைக், கேமராக்களுக்குத் தனித்தனி அணைப்பு விசைகள் வரிசையாக இருக்கும். மென்பொருள் என்ன சொன்னாலும் அணைத்தது அணைத்ததுதான். பேட்டரி சாம்சங் ஜே7 அளவு. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், மேமோ லெஸ்டே ஆகிய இரண்டு இயங்குதளங்களும் அதில் ஓடும். தற்காலச் சான்றிதழ், தற்கால உலாவி என்பதால் இணையம் திறக்கும். வேகத்தைப் பற்றி மட்டும் கனவு காணாதீர்கள். சிம் போடாமல் டேப்லெட்டாகவே வைத்துக்கொள்ளலாம்.

அதே நிறுவனத்தின் 10 அங்குல பைன்டேப்2 2023-ல் வந்தபோது, உள்ளே இருந்த வைஃபை சில்லுக்கு வேலை செய்யும் இயக்கி இல்லை. முதலில் வாங்கியவர்கள் யூஎஸ்பியில் தனி வைஃபை குச்சி செருகித்தான் இணையம் பார்த்தார்கள். நிறுவனம் அதை மறைக்கவில்லை, முன்கூட்டியே எழுதியிருந்தது. இந்த ரகக் கருவி எதை வாங்கினாலும் விவரப் பக்கத்தில் செயலி, ரேம் வரிகளைத் தாண்டிப் போய் வைஃபை, சார்ஜ், கேமரா, தூக்க நிலை ஆகிய நான்கும் எந்தக் கெர்னலில் எந்த அளவுக்கு ஓடுகின்றன என்ற வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.